ஜீரோ என்று சொல்லிக்கொண்டிருந்தேன்

விழுந்தது லிட்டில் இந்தியாவில், தேக்கா மார்க்கெட்டில். ஞாயிற்றுக்கிழமை காலை. மீன்கடைப் பக்கம் தரை ஈரம். கால் வழுக்கியது. ஒரு கையில் ஆட்டுக்கறிப் பை, இன்னொரு கையில் தேங்காய்ப் பை. இரண்டையும் விடவில்லை. அதனால் ஊன்றிக்கொள்ளக் கை இல்லை. வலது விலா போய்ச் சிமெண்டு மேடையின் விளிம்பில் இடித்தது.

மீன்காரர் ஓடி வந்து தூக்கினார். “அண்ணே, ஓகேயா?”

“ஓகே.”

எம்.ஆர்.டி. ரயில் பிடித்து ஈசூனில் வீட்டுக்கு வந்தேன். கறியை மனைவி வசந்தாவிடம் கொடுத்தேன். விழுந்ததைச் சொல்லவில்லை. மதியம் சாப்பிட உட்கார்ந்தேன்.

“கறி எப்படிங்க?”

“ம்.”

“உப்பு சரியா இருக்கா?”

“ம்.”

இரண்டாவது தடவை சோறு கேட்கவில்லை. அப்போதே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டதாம். பிறகு சொன்னாள்.

சாயங்காலம் ஒரு தும்மல் வந்தது. அந்த ஒரு தும்மலோடு சோபாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழ முடியவில்லை. மகள் தேவி ஆம்புலன்சைக் கூப்பிட்டாள்.

இதை எழுதுவது எங்கள் கப்பல் யார்டு ஆட்களுக்காக. எனக்குப் படிப்பு குறைவு. பேச்சும் குறைவு. ஆனால் ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்ட ஒரு விஷயத்தை நான் சொல்லாவிட்டால் அவர்களும் என்னைப்போலவே செய்வார்கள். எனக்கு அவர்களைத் தெரியும்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். பிறகு ஒரு பெரிய வளையத்துக்குள் படுக்க வைத்து ஸ்கேன் எடுத்தார்கள். காத்திருக்கும் இடத்தில் குளிர். தேவி மேலே போட்டிருந்த குளிர் ஜாக்கெட்டைக் கழற்றி என் காலில் போர்த்தினாள். தோள் பக்கம் பூ போட்ட ஜாக்கெட். எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளை என் காலையே பார்த்துக்கொண்டிருந்தது.

டாக்டர் சின்ன வயதுப் பெண். சீனர். நிதானமாகப் பேசினார். விலா எலும்பு நான்கு உடைந்திருக்கிறது. இதற்கு மாவுக்கட்டு கிடையாது. கட்டிப்போட்டால் மூச்சு விட முடியாது. எலும்பு தானாக ஒட்டிக்கொள்ளும். “உங்களுக்கு ஆபத்து எலும்பில் இல்லை, வலியில் இருக்கிறது” என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் தன் நெஞ்சில் கை வைத்துக் காட்டினார். வலித்தால் ஆள் மேலோட்டமாக மூச்சு விடுவான். இருமப் பயப்படுவான். சளி நுரையீரலின் அடியில் தங்கும். தங்கினால் அங்கே கிருமி வளரும். அதற்குப் பெயர் நிமோனியா. விலா உடைந்து வருகிறவர்களில் கஷ்டப்படுகிறவர்கள் அதனால்தான் கஷ்டப்படுகிறார்கள். ஆகவே வலி மருந்து சுகத்துக்காக இல்லை. மூச்சுக்காக.

தலையாட்டினேன். நம்பவில்லை.

வார்டில் கட்டில் கொடுத்தார்கள். நர்ஸ் கோமதி வந்தார். ஈப்போவில் பிறந்தவர், நல்ல தமிழ்.

“அங்கிள், வலிக்கு நம்பர் கேப்போம். ஜீரோன்னா வலியே இல்ல. பத்துன்னா இதுக்கு மேல தாங்கவே முடியாது. இப்ப எத்தனை?”

“ஜீரோ.”

அவர் என் நெற்றியைப் பார்த்தார். வேர்த்திருந்தது.

“ஜீரோவா? அசையாம இருந்தாவா, அசைஞ்சாவா?”

“எப்பவும் ஜீரோ.”

இதை விளக்கவேண்டும். எனக்கு ஜூரோங்கில் கப்பல் கட்டும் யார்டில் வேலை. கனமான இரும்பைக் கயிறு கட்டித் தூக்குகிற வேலை. எங்கள் கேட்டில் ஒரு பலகை இருக்கிறது. விபத்து எத்தனை என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அது ஜீரோவாக இருந்தால் எல்லோருக்கும் பிரியாணி. ஒருவன் விரலை நசுக்கிக்கொண்டாலும் அந்த ஜீரோ போய்விடும். அதனால் எங்கள் ஆட்கள் நசுங்கின விரலைக் கையுறைக்குள் வைத்துக்கொண்டு “ஓகே பாஸ்” என்பார்கள். நானும் அப்படித்தான். என் வாய்க்கு ஜீரோதான் பழக்கம். அந்த நம்பர் ஒன்றுதான் நல்ல நம்பர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் ஜீரோ சொன்னேன், அவர் ஜீரோ எழுதினார். கூடவே என் முகத்தைப் பற்றியும் ஏதோ எழுதியிருப்பார். சாதாரண பனடால் மாத்திரை வேளைக்கு வந்தது. அதற்கு மேல் இருக்கிற பலமான மருந்து, கேட்டால்தான் வரும். “வலி ஏறுதுன்னு தெரிஞ்ச உடனே பெல் அடிங்க” என்றார். பெல் தலையணைப் பக்கத்தில் தொங்கியது. நான் அதைத் தொடவில்லை.

எதிர்க் கட்டிலில் லிம் என்று ஒரு பெரியவர். வயிற்றில் ஆபரேஷன். முன்னாள் டாக்சிக்காரர். நாங்கள் மலாயில் பேசிக்கொண்டோம்.

“சாக்கிட்?” என்பார். வலிக்கிறதா என்று.

“தாக்” என்பேன். இல்லை.

“பொய்க்காரன்” என்று சிரிப்பார். அவருக்கு வலித்தால் வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்வார். மருந்து வரும். பிறகு வராந்தாவில் நடப்பார். எனக்கு அது கொஞ்சம் கேவலமாகத் தெரிந்தது அப்போது.

எங்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி கொடுத்திருந்தார்கள். உள்ளே மூன்று பந்து, தனித்தனிக் குழாயில். ஒரு டியூபை வாயில் வைத்து மூச்சை இழுத்தால் பந்து மேலே ஏறும். ஆழமாக இழுத்தால் மூன்றும் ஏறும். நுரையீரல் விரிவதற்கான பயிற்சி. லிம் முதல் நாள் அதை ஊதிக்கொண்டிருந்தார். பலூன் மாதிரி. பந்து அசையவில்லை. கம்பெனிக்காரனைத் திட்டினார். இழுக்க வேண்டும் என்று தெரிந்த பிறகு மூன்றையும் ஏற்றிவிட்டு என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குவார்.

எனக்கு ஒரு பந்து கூட முழுசாக ஏறவில்லை. பாதியில் நின்று நடுங்கும். அதற்கு மேல் இழுத்தால் விலாவில் கத்தி.

“கோப்பி பந்தயம்” என்றார் லிம். “மூணும் ஏத்தினா நான் வாங்கித் தர்றேன்.”

வசந்தா பிளாஸ்கில் ரசம் கொண்டு வந்தாள். தேவி ஒரு தலையணை கொண்டு வந்தாள். இருமும்போது விலாவில் தலையணையை அணைத்துக்கொண்டால் வலி குறையும் என்று உடற்பயிற்சி சொல்லிக் கொடுப்பவர் சொல்லியிருந்தார். வீட்டில் அகப்பட்டது தேவி சின்ன வயதில் வைத்திருந்த முயல் படம் போட்ட தலையணை. ஐம்பத்தெட்டு வயது ஆள் முயலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். இருமவில்லை. சும்மா பிடித்திருந்தேன்.

அடுத்த நாள் காய்ச்சல் அடித்தது. மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்தார்கள். டாக்டர் வந்து முதுகில் கருவியை வைத்துக் கேட்டார். வலது பக்கம் அடியில் காற்றே போகவில்லை என்றார். “இன்றைக்கும் இப்படியே போனால் ஐ.சி.யூ.வுக்கு மாற்ற வேண்டியிருக்கும். அங்கேயும் மூச்சு போதவில்லையென்றால் தொண்டையில் குழாய் விட்டு மெஷினில் வைக்க வேண்டும்.”

வசந்தா என் கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டாள். வேறு எதைப் பிடிப்பது என்று தெரியாமல் பிடித்திருப்பாள். கை சில்லென்று இருந்தது.

“மார்ஃபின் கொஞ்சம் கொடுக்கலாம். விட்டு விட்டு, சின்ன அளவில். உங்களுக்குச் சம்மதமா?” என்றார் டாக்டர்.

அந்தப் பேரைக் கேட்டதும் பிறகு சொல்கிறேன் என்றேன். டாக்டர் போன பிறகு கோமதியிடம் கேட்டேன்.

“சிஸ்டர், அது போதை மருந்துதானே?”

அவர் மழுப்பவில்லை. “ஒரே குடும்பம்தான் அங்கிள். ஆனா நாங்க குடுக்கிற விதம் வேற.”

“வேணாம்.”

“ஏன் அங்கிள்?”

“வேணாம்.”

ஏன் என்று வசந்தாவுக்குத் தெரியும். என் தம்பி சேகர். இருபது வயசுக்கு மேல் அந்தப் போதைக் குடும்பத்தோடு சேர்ந்தான். உள்ளே போனான், வந்தான், திரும்பப் போனான். எங்கள் அம்மா அவன் வெளியே வருவதற்குள் போய்விட்டார். பிறகு அவன் விட்டான். விட்டு ரொம்ப வருஷம் ஆகிறது. இப்போது லிட்டில் இந்தியாவில் கடைகளுக்கு வாழை இலையும் காய்கறியும் வேனில் போடுகிறான். எங்கள் வீட்டில் யாரும் அந்தக் காலத்தைப் பேசுவதில்லை. அவனும் பேசமாட்டான், நானும் கேட்டதில்லை. வலியால் செத்தாலும் சரி, அது என் உடம்புக்குள் வரக்கூடாது என்று நினைத்தேன்.

மத்தியானம் பார்வையாளர் நேரத்தில் சேகரே வந்தான். வசந்தா போன் பண்ணியிருக்கிறாள். வேலை பூட்ஸோடு வந்தான். கறிவேப்பிலை வாசம் வார்டு முழுக்க. சேகர் இருந்தால் சிரிப்பு இருக்கும். வந்ததும் முயலைப் பார்த்தான்.

“அண்ணே, யாரு இது? நமக்குத் தெரியாம இன்னொரு பொண்ணா?”

“சிரிக்க வைக்காத தம்பி, அவருக்கு வலிக்குது” என்றாள் வசந்தா.

“அவருக்கா? அண்ணன் சிரிச்சு நான் பார்த்ததே இல்லையே அண்ணி. பயப்படாதீங்க.”

நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவன் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டான். முகம் மாறியது.

“மருந்து வேணாம்னீங்களாம்.”

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“என்னாலயா?”

முயலை இழுத்து அணைத்துக்கொண்டேன்.

“அண்ணே, நான் சொல்றேன் கேளுங்க. நான் வாங்கின எடத்துல யாரும் ரெண்டு பேர் வந்து கையெழுத்துப் போட்டுக் குடுக்கல. உனக்கு எத்தனை வலிக்குதுன்னு ஒருத்தனும் கேக்கல. குடுத்துட்டுப் பக்கத்துல நின்னு என் மூச்ச எண்ணல. எண்ணியிருந்தா நல்லா இருந்திருக்கும்.”

“ஒரே குடும்பம்னு சிஸ்டரே சொன்னாங்க.”

“நீங்களும் நானும்தான் ஒரே குடும்பம். ரெண்டு பேரும் ஒண்ணாவா இருக்கோம்?”

லிம்முக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பயமா இருக்குடா” என்றேன். அந்த வார்த்தையை அவனிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

“எனக்கு வேற பயம்ணே. உங்க தொண்டையில குழாய் போட்டுட்டா நான் யார்கிட்ட போய் வம்பு பண்ணுவேன்? பெல் அடிங்கண்ணே.”

அடித்தேன். கோமதி வந்தார்.

“அங்கிள், இப்ப எத்தனை?”

“எட்டு.”

வசந்தா திரும்பினாள். “எட்டா? எட்டை வச்சிக்கிட்டுதான் காலைல ரசத்துல பெருங்காயம் கம்மின்னு சொன்னீங்களா?”

“கம்மியாத்தான் இருந்துச்சு.”

இரண்டு நர்ஸ்கள் சேர்ந்து வந்தார்கள். மருந்து பூட்டின அலமாரியில் இருக்கும். ஒருவர் எடுக்க, இன்னொருவர் பார்க்க, இரண்டு பேரும் சரி சொன்னால்தான் வெளியே வரும். என் கைப்பட்டையில் பெயரைப் படித்தார்கள். சேகர் எழுந்தான்.

“நான் வெளிய நிக்கிறேன்ணே.”

சிரிஞ்சில் இருந்தது கொஞ்சம்தான். கோமதி மெதுவாகச் செலுத்தினார். செலுத்திவிட்டுப் போகவில்லை. “ஒரேயடியா போட மாட்டோம் அங்கிள். கொஞ்சம் போட்டுட்டு நிப்போம். தூக்கம் ரொம்ப வருதான்னு பார்ப்போம், மூச்சு எண்ணுவோம். போதலன்னா இன்னும் கொஞ்சம். ரொம்ப தூங்கினா நிறுத்திடுவோம்.” என் நெஞ்சைப் பார்த்தபடி உதடு அசைய எண்ணினார். என் மூச்சை ஒருவர் எண்ணுவதைப் பார்ப்பது நன்றாக இருந்தது.

“இப்ப?”

“ஆறு.”

இன்னும் கொஞ்சம்.

“இப்ப?”

“நாலு இருக்கும்.”

வலி போகவில்லை. கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டது. அது அங்கே இருப்பது தெரிந்தது. ஆனால் என்னைத் தொடவில்லை. போதை என்று நான் பயந்த எதுவும் வரவில்லை. மூக்கு மட்டும் அரித்தது. கோமதி அது மருந்தால் வருகிற அரிப்பு, பயப்பட வேண்டாம் என்றார்.

சேகர் உள்ளே வந்தான். “எப்படிண்ணே?”

“பரவால்ல.”

“நல்லது. இப்ப சொல்லலாம். காலைல தேக்கா போனேன். நீங்க விழுந்த எடத்துல மஞ்சப் பலகை வச்சிருக்காங்க. தரை வழுக்கும், ஜாக்கிரதைன்னு.”

“சரி.”

“அந்தப் பலகை தடுக்கி மீன்காரர் விழுந்துட்டாரு.”

அடக்கப் பார்த்தேன்.

“வவ்வால் மீன் தொட்டிக்குள்ளயே உக்காந்துட்டாருண்ணே. அடி ஒண்ணும் இல்ல. ஆனா அவரு உங்கள மாதிரி ஜீரோ சொல்ற ஆளா? பக்கத்துத் தெரு வரைக்கும் கேக்குற மாதிரி பத்துன்னு கத்தினாரு.”

சிரித்துவிட்டேன். விலா வலித்தது. வலித்தும் நிற்கவில்லை. சிரிப்பு இருமலாக மாறியது. முயலை அணைத்துக்கொண்டு இருமினேன். உள்ளே அடியில் இரண்டு நாளாக உட்கார்ந்திருந்த சளி பெரிய கட்டியாக வெளியே வந்தது. வசந்தா டிஷ்யூவில் பிடித்து, தங்கம் கிடைத்தது மாதிரி கோமதியிடம் நீட்டினாள்.

“சூப்பர் அங்கிள்!” என்றார் கோமதி. சளிக்காக என்னை யாரும் அதற்கு முன் பாராட்டியதில்லை.

லிம் தன் பெட்டியைத் தூக்கிக் காட்டினார். என் பெட்டியை எடுத்தேன். இழுத்தேன். முதல் பந்து ஏறியது. இரண்டாவது ஏறியது. மூன்றாவது கொஞ்சம் தூக்கி, யோசித்து, விழுந்தது.

“கோப்பி பாதி” என்றார் லிம்.

மறுநாள் டாக்டர் முதுகில் கேட்டார். வலது பக்கம் அடியில் காற்று போகிற சத்தம் கேட்கிறது என்றார். ஐ.சி.யூ. பேச்சு அதோடு நின்றது. வசந்தா டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. தேவிதான் விடுவித்தாள்.

அதன் பிறகு எனக்கு முறை பிடிபட்டது. இதை யார்டு ஆட்கள் கவனமாகப் படிக்கவேண்டும். மருந்து சில மணி நேரம்தான் நிற்கும். பிறகு இறங்கும். முழுக்க இறங்கி வலி உச்சிக்குப் போன பிறகு கேட்டால், கீழே கொண்டு வர நேரம் ஆகும், மருந்தும் கூட வேண்டும். ஏறும்போதே சொல்லவேண்டும். நடக்கப் போவதற்கு முன்னால், பந்துப் பயிற்சிக்கு முன்னால் சொல்லவேண்டும். அசையாமல் படுத்திருக்கும்போது எத்தனை என்பது முக்கியம் இல்லை. இருமினால் எத்தனை என்பதுதான் கணக்கு. ஊசி போய் வாயில் விழுங்கும் மருந்து வந்தது. அதுவும் விட்டு விட்டுத்தான். நாளுக்கு நாள் நான் கேட்பது தானாகவே குறைந்தது.

ஒரு தொல்லை உண்டு. வயிறு இறுகிவிடும். அதற்கும் மருந்து கொடுத்தார்கள். கொடிமுந்திரி ஜூஸ் கொடுத்தார்கள். கடைசியில் அந்தக் காரியம் நடந்தபோது லிம் கை தட்டினார். அந்த வார்டில் எதற்கும் மறைவு இல்லை.

செலவைப் பற்றிக் கவலையாக இருந்தது. தேவி போனில் எதையோ தட்டிப் பார்த்து, “இன்சூரன்ஸ் பாத்துக்கும்பா, யூ ஜஸ்ட் ப்ரீத்” என்றாள். மூச்சு மட்டும் விடு என்றாள், விட்டேன்.

மூன்று பந்தும் ஏறின காலையில் லிம் எழுந்து நின்று வார்டுக்கே அறிவித்தார். கீழே கடையிலிருந்து அவர் மகன் கோப்பி வாங்கி வந்தான். பால் விடாமல், சீனி போட்டு. நன்றாக இருந்தது.

வீட்டுக்கு விட்டார்கள். கோமதி ஒரு சின்னப் பையில் மாத்திரை கொடுத்தார். வலி தாங்காத நேரத்துக்கு மட்டும், சில நாளைக்கு மட்டும். பூட்டி வைக்கணும். யாருக்கும் கொடுக்கக்கூடாது. மிச்சம் இருந்தால் திருப்பித் தரணும். சேகர் வேனோடு வந்திருந்தான். பிளாஸ்க், துணிப்பை, பந்துப் பெட்டி, முயல், எல்லாவற்றையும் இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டான். மருந்துப் பையைப் படுக்கையில் விட்டுவிட்டான்.

“அத மட்டும் அண்ணிகிட்ட குடுங்கண்ணே.”

வசந்தா எடுத்துத் தன் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். தேவியோடு மருந்து பில் பார்க்க முன்னால் போனாள்.

லிப்டில் நாங்கள் இரண்டு பேர்தான். என் வாழ்க்கையில் நான் கேட்காத கேள்வியைக் கேட்டேன்.

“டேய். உனக்கு எத்தனை?”

“என்னது?”

“நம்பர்.”

முயலை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். லிப்டு இறங்கிக்கொண்டிருந்தது.

“இப்பவா? மூணு.”

“அந்தப் பையப் பாத்தப்ப?”

“ஆறு.” பிறகு, “இல்ல, ஏழு” என்றான்.

“சரி.”

“சரின்னா?”

“கேட்டுக்கிட்டேன்.”

கதவு திறந்தது. அவன் முகத்தை முயலில் துடைத்துக்கொண்டு, “ஏண்ணே, இத எப்பதான் துவைச்சீங்க?” என்றான்.

ஈசூன் போகிற வழி அது இல்லை, ஆனாலும் வேனை லிட்டில் இந்தியாவுக்குத் திருப்பினான். வாழை இலைக் கட்டுகளுக்கு நடுவில் தேவி உட்கார்ந்திருந்தாள். ஒரு கடை வாசலில் நின்றபடி நான்கு பேரும் இஞ்சி டீ குடித்தோம். ஆழமாக மூச்சை இழுத்துப் பார்த்தேன். பூக்கடை வாசமும் சாம்பிராணியும் அடி வரைக்கும் போனது.

எலும்பு ஒட்டிவிட்டது. மிச்ச மாத்திரையை வசந்தாவே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டாள். யார்டில் லேசான வேலை போட்டிருக்கிறார்கள். கேட்டில் பலகை அப்படியே இருக்கிறது. நான் மட்டும் காலையில் ஆட்களிடம் “ஓகேயா?” என்று கேட்பதில்லை. “எத்தனை?” என்று கேட்கிறேன். முதலில் சிரித்தார்கள். போன வாரம் ஒருவன் கையுறையைக் கழற்றி விரலைக் காட்டினான்.

சேகர் தினம் சாயங்காலம் போன் பண்ணுகிறான். இரண்டு பேரும் நம்பர் சொல்லிக்கொள்கிறோம். நேற்று அவன் “ஜீரோ” என்றான்.

“பொய் சொல்லாதடா.”

“சரி, ஒண்ணு.”

இரண்டு பேரும் சிரித்தோம். என் விலா கொஞ்சம் வலித்தது. அவனிடம் சொன்னேன்.